மூன்று நிமிஷம்

தகர டின்னில் யாரோ நிறுத்தாமல் அரிசி கொட்டுவதுபோல ஒரு சத்தம். உறையூரில் அந்த மாடிவீட்டை நினைத்தால் வைத்தியலிங்கத்துக்கு முதலில் வருவது அதுதான். சுவரின் நிறம் மறந்துவிட்டது. கீழே இருந்தது மருந்துக்கடையா பாத்திரக்கடையா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. கொட்டிக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும், மறுபடியும் கொட்டும்.

கதவு திறந்துதான் இருந்தது. பகல் பதினோரு மணிக்கு உள்ளே விளக்கில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த திரை கறுப்பாக இருந்தது. சத்தம் அந்த மேஜையிலிருந்துதான் வந்தது.

அது என்ன பாஷை என்று வைத்தியலிங்கம் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"தமிழ்தான் சார். கொஞ்சம் வேகமாப் பேசுது," என்றார் அந்தப் பெண். "உள்ள வாங்க, கடிக்காது."

அவர்தான் அமலோற்பவம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையில் இருப்பதையெல்லாம் குரலாக வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, இணையதளங்களைச் சோதித்துக் கொடுப்பது அவர் தொழில். கண் தெரியாத ஒருவர், கை நடுங்கும் ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற ஒருவர் அந்தத் தளத்துக்குள் போய், வந்த காரியத்தை முடித்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்று பார்ப்பார். முடியாது என்றால் எங்கே முட்டுகிறது என்று சொல்வார். முடியும் என்றால் "போகலாம்" என்று ஒரே வார்த்தை. வேறு சான்றிதழ் கிடையாது. அந்த வார்த்தைக்காகப் பெங்களூர்க்காரர்கள்கூடக் காத்திருந்தார்கள்.

வைத்தியலிங்கத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. ஊரில் பாதிப் பேருக்கு இணையம் என்றால் என்னவென்று தெரியாத காலத்திலிருந்து தளம் கட்டுகிறவர். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆம்னி பஸ் டிக்கெட், நர்சரிப் பள்ளி என்று இருநூறுக்கு மேல் கட்டியாகிவிட்டது. இடுப்பு வலியும் மங்கலான ஒரு சலிப்பும்தான் மிச்சம். இப்போது கையில் இருந்தது ஓர் அறக்கட்டளையின் வேலை. அவர்கள் இலவசமாக ஒரு டயாலிசிஸ் நிலையம் நடத்தினார்கள். வாடிக்கையாக வருகிறவர்கள் அறுபது பேர். காத்திருப்போர் பட்டியலில் அதைப்போல் இரண்டு மடங்கு. அடுத்த வாரம் வருவேன் என்று ஒவ்வொருவரும் சனிக்கிழமை காலை ஆறிலிருந்து பத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த வாரத்து இடம் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும். அதுவரை நேரில் வந்து வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். இனி வரிசை வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யட்டும் என்றுதான் இந்தத் தளம்.

சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்கிற உடம்பில் கண்ணையும் லேசில் விடுவதில்லை. அறுபதில் இருபத்துமூன்று பேருக்குப் பார்வை போயிருந்தது. அதனால் அமலோற்பவம் சொன்னால்தான் தளம் திறக்கும் என்று அறக்கட்டளைச் செயலாளர் சொல்லிவிட்டார்.

அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவர் மாசிலாமணி. வைத்தியலிங்கத்தின் அக்காள் அஞ்சுகத்தின் கணவர்.

முதல் நாள் வைத்தியலிங்கம் தயாராகத்தான் போயிருந்தார். தளத்தைத் தானாகவே சோதித்து மதிப்பெண் போடும் கருவி ஒன்று உண்டு. அதில் ஓட்டியிருந்தார். நூற்றுக்கு நூறு. உட்கார்ந்ததும் அதைச் சொன்னார்.

அமலோற்பவம் தளத்தைத் திறந்து சில விசைகளைத் தட்டினார். அரிசி கொட்டியது, நின்றது. பிறகு வந்தவருக்காக வேகத்தைக் குறைத்து மறுபடி ஓடவிட்டார். "படம். படம். படம். பொத்தான். பொத்தான். சிவப்பில் உள்ளவற்றைச் சரிசெய்யவும்," என்றது குரல்.

"சிவப்பு எங்க சார் இருக்கு?" என்று கேட்டார் அமலோற்பவம்.

வைத்தியலிங்கம் திரையைக் காட்டக் கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார்.

அப்படியென்றால் அந்த நூறு எதற்கு என்று கேட்டார்.

"வீட்டுக்கு எத்தனை கதவுன்னு எண்ணியிருக்கு சார். திறந்து பார்க்கல."

அன்றைக்கு அவர் திரும்பிப் போயிருக்கலாம். இருநூறு தளம் கட்டியவரிடம் பதினெட்டு வயது இளைய ஒருவர் சொல்லிக்கொடுப்பதாவது என்று தோன்றாமலும் இல்லை. ஆனால் அந்த வாரம்தான் டோல்கேட் பகுதியில் இருந்த தன் வீட்டில் மாசிலாமணி அந்தப் பேச்சைப் பேசியிருந்தார்.

மாசிலாமணி திருச்சி - துறையூர் தடத்தில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் சிறுநீரகம் போயிற்று. அடுத்த ஆடிக்குள் கண்ணும் போயிற்று. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். அக்காள் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த இரண்டு நாளும் விடுப்புக் கேட்டுக் கேட்டு அங்கே முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை விடியுமுன்பே கிளம்பிவிடுவாள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட வைத்தியலிங்கம்தான் கூட்டிப்போவார். தளம் வந்துவிட்டால் தான் வீட்டிலிருந்தபடியே பதிந்துவிடுவதாக அவர் சொன்னபோது மாசிலாமணி வேண்டாமென்று தலையாட்டினார்.

"எல்லாத்துக்கும் ஒருத்தர் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன் மாப்ளே. கக்கூசுக்குக்கூட. ஒரே ஒரு காரியம் நானே செய்யணும். அதுக்கு ஒரு வழி பண்ணு."

பொத்தான்போல் ஏதாவது ஒன்றை அவர் தொட்டால் போதுமா, நான் மீதியைச் செய்துவிடட்டுமா என்று வைத்தியலிங்கம் கேட்டார்.

"அதுக்கு நீயே செஞ்சிட்டுப் போ," என்றார் மாசிலாமணி.

ஆகவே மறுநாளும் வைத்தியலிங்கம் உறையூர்ப் படியேறினார்.

அமலோற்பவம் முதலில் அவருடைய மவுஸை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். விசைகளை மட்டும் வைத்து அவர் கட்டிய தளத்துக்குள் நடந்து பார்க்கச் சொன்னார். முதல் நிமிஷத்திலேயே வைத்தியலிங்கம் ஒரு நாள்காட்டிக்குள் மாட்டிக்கொண்டார். உள்ளே போக முடிந்தது, வெளியே வர முடியவில்லை. மாதம் மாதமாகப் போய் அடுத்த வருஷத்துச் சித்திரையில் நின்றார். அமலோற்பவம் சிரித்தார். "பொங்கலே தாண்டிப் போயிட்டீங்க, வந்துருங்க சார்," என்றார்.

இரண்டாம் வாரம் திரையை அணைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டால் போதாதா என்று வைத்தியலிங்கம் கேட்டார்.

"மூடின கண்ணை நீங்க திறந்துருவீங்க."

அது உண்மைதான். இரண்டு தரம் திறந்திருந்தார்.

படத்துக்குப் பெயர் வைத்தால் போதாது, அந்தப் படம் அந்த இடத்தில் என்ன சொல்கிறதோ அதை எழுத வேண்டும் என்று தெரிந்துகொண்டார். தவறு எந்தக் கட்டத்தில், என்ன தவறு என்று வார்த்தையில் சொல்லக் கற்றுக்கொண்டார். தலைப்பு தலைப்பாகத் தாவிப் போகும்படி பக்கத்தை அடுக்கினார். ஒவ்வொரு மாலையும் அவர் கிளம்பும்போது அமலோற்பவம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இன்னைக்கு யார் சார் வெளிய நின்னாங்க?"

நிறம் பிரித்தறியாதவர் நின்றார் என்பார் வைத்தியலிங்கம். ஒரு கை மட்டும் உள்ளவர் நின்றார் என்பார். காது கேளாத, வீடியோவை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நின்றார். அடுத்த நாள் அவர்களை உள்ளே விடுவார்கள். அதற்கடுத்த நாள் வேறு யாராவது நிற்பார்கள். லால்குடி பஸ்ஸில் சாய்ந்துகொண்டு வீடு திரும்பும்போது, தான் கட்டிய இருநூறு தளங்களின் வாசல்களிலும் ஆட்கள் நிற்பதாக அவருக்குத் தோன்றும். அப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எப்போதிலிருந்து அமலோற்பவத்தை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று வைத்தியலிங்கத்துக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டோல்கேட்டுக்குப் போய் மாசிலாமணிக்குப் போனைச் சொல்லிக்கொடுத்தார். விரலால் வருடினால் குரல் ஒவ்வொன்றாக வாசிக்கும். வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு. மாசிலாமணிக்கு அந்தப் பெண் குரல் பிடித்துப்போயிற்று. மூச்சே விடாமல் பேசுகிறாளே, உன் அக்காளுக்குத் தங்கச்சியா என்று கேட்டார். நான் பேசினால் மட்டும் இவருக்குக் காதும் கேட்காது என்று அடுக்களையிலிருந்து அஞ்சுகம் பதில் சொன்னாள். தட்ட வேண்டிய விரல் வீங்கியிருந்தது. ஆனாலும் தட்டினார்.

மூன்று மாதம் ஆயிற்று. வைத்தியலிங்கம் இரண்டு மடங்கு வேகத்தில் குரலைக் கேட்கத் தேறியிருந்தார். திரை அணைந்திருக்க, மவுஸ் டின்னில் இருக்க, நாற்பது விநாடியில் ஓர் இடத்தை உறுதி செய்துவிட்டு வெளியே வந்தார். மறுபடி செய்தார். முப்பத்தெட்டு.

அன்று மாலை, இன்றைக்கு யார் வெளியே நின்றார்கள் என்று அமலோற்பவம் கேட்டபோது, "யாரும் இல்ல டீச்சர்," என்றார்.

அமலோற்பவம் தானே ஒருமுறை போய்ப் பார்த்தார். அன்று அவர் விடியற்காலையிலிருந்து வெளிநாட்டு வேலை இரண்டை முடித்து அனுப்பியிருந்தார். நெற்றியை இடது கையால் பிடித்துக்கொண்டே வலது கையால் தட்டினார். அரிசி கொட்டியது. இருபத்திரண்டு விநாடி. அதற்குள் செயலாளர் இரண்டு தரம் போனில் கூப்பிட்டுவிட்டார். தை முதல் சனிக்கிழமை திறப்பதாக எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்றார்.

"போகலாம்," என்றார் அமலோற்பவம்.

வைத்தியலிங்கம் படியிறங்கும்போது, வெகுநாளைக்குப் பிறகு, இடுப்பு வலிக்கவில்லை.

தை முதல் சனிக்கிழமை தளம் திறந்தது. பத்து மணிக்கு மூடியபோது அறுபதில் ஐம்பத்தோரு பேர் உறுதி செய்திருந்தார்கள். முதல் வாரத்துக்கு அது நன்றாகவே இருக்கிறது என்று செயலாளர் வாழ்த்தினார். மீதி ஒன்பது பேர் ஊரில் இல்லாமலிருக்கலாம். வைத்தியலிங்கம் டோல்கேட்டுக்குப் போன் செய்தார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது மாப்ளே என்று சொல்லிவிட்டு மாசிலாமணி உடனே போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிலையத்திலிருந்து அக்காள் கூப்பிட்டாள். இவருக்கு இடமில்லையாம், நீ பதியவில்லையா என்றாள். அத்தானே பதிந்தார் என்றார் வைத்தியலிங்கம். பக்கத்தில் நர்ஸிடம் கேட்டுச் சொல்லும்படி சொன்னார். நர்ஸ் நல்ல பெண்தான். பதிவு இல்லை, பட்டியலிலிருந்து முசிறிக்காரர் ஒருவர் வந்து படுத்துவிட்டார், ஊசி குத்தியாயிற்று, குத்தினவரை எப்படி எழுப்புவது என்று அவள் கேட்டது போனில் கேட்டது. இரண்டு பேரும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அவருக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் தலை தொங்கியது. அரசு மருத்துவமனையில் சேர்த்து, அவசரமாக டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை வைத்தியலிங்கம் கட்டிலருகே நின்றுகொண்டு, முடிந்தது என்று ஏன் அத்தான் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"நாலு தடவை ஏறினேன் மாப்ளே. நாலு தடவையும் பாதி வழியில என்னை இறக்கிவிட்டுட்டு, வண்டி கிளம்பின இடத்துக்கே போயிருச்சு. விசிலும் அடிக்கல, சொல்லவும் இல்ல. எந்திரிச்சதே ஒம்போதரைக்கு, அதுக்குள்ள பத்து மணி ஆயிருச்சு."

என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றார் வைத்தியலிங்கம்.

"கூப்பிட்டா அது நான் செஞ்சதா ஆகுமா?"

மாசிலாமணியின் முகம் இளைத்து, பற்கள் பெரிதாகத் தெரிந்தன.

வைத்தியலிங்கம் வீட்டுக்குப் போய்த் தளத்தின் உள்ளே தேடினார். அரைமணி நேரத்தில் கிடைத்தது. ஒரு கடிகாரம். மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்துக்குள் முடிக்காவிட்டால், எழுதியதெல்லாம் அழிந்து பக்கம் முதலுக்குப் போய்விடும். அதை அவர்தான் வைத்திருந்தார். வைத்ததுகூட இல்லை, ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஆம்னி பஸ் டிக்கெட் தளத்திலிருந்து அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டதில், கூடவே வந்திருந்தது. அங்கே அது சரி. ஒருத்தர் ஜன்னல் சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள். இங்கே யாருடைய இடத்தையும் யாரும் பிடித்துவைக்கவில்லை. அவரவர் இடம் அவரவருக்கே இருந்தது.

கருவி அதைக் கண்டுபிடிக்கவில்லை. கற்றுக்கொள்ளும்போது பக்கம் முதலுக்குப் போனதையெல்லாம் தன் கைத் தவறு என்று நினைத்திருந்தார். தேறியபின் அவர் நாற்பது விநாடியில் முடித்தார். டீச்சர் இருபத்திரண்டு. அதன்பின் மூன்றாவது நிமிஷம்வரை இரண்டு பேருமே அந்தப் பக்கத்தில் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை உறையூர்ப் படியேறும்போது வைத்தியலிங்கம் கோபத்தை நன்றாக அடுக்கி வைத்திருந்தார். அந்த வாரம் செயலாளர் பழைய வரிசைக்கே திரும்பியிருந்தார். அதில் நின்று அத்தானுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தார். நாற்காலியில் உட்காராமல், நடந்ததெல்லாம் சொன்னார். கடிகாரத்தையும் சொன்னார். கடைசியில், "நீங்க போகலாம்னு சொன்னீங்க டீச்சர்," என்றார்.

"சொன்னேன்," என்றார் அமலோற்பவம்.

அவர் ஏதோ தட்டினார். குரல் அணைந்தது. அந்த அறை சத்தமில்லாமல் இருந்து வைத்தியலிங்கம் அன்றுதான் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ மிக்ஸி ரிப்பேர் என்று கூவிக்கொண்டு போனார்கள்.

"அன்னைக்கு எனக்கு ரொம்ப அசதி சார். முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. அதனால சீக்கிரமா முடிச்சேன்."

வைத்தியலிங்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கடிகாரத்தை இப்போதே எடுத்துவிடுகிறேன், ஒரு வரிதான் என்றார்.

எடுக்க வேண்டாம் என்றார் அமலோற்பவம். பிறகு, அத்தானுக்கு உடம்பு எப்போது ரொம்பவும் அசந்துபோயிருக்கும் என்று கேட்டார்.

டயாலிசிஸ் முடிந்த அன்று சாயங்காலம் என்றார் வைத்தியலிங்கம்.

"அப்பப் போவோம்."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் டோல்கேட்டுக்குப் போனார்கள். மாசிலாமணி கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. மாப்பிள்ளையின் டீச்சர் வந்திருக்கிறார் என்று அஞ்சுகம் சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

"டீச்சரா? சின்னக் குரலா இருக்கே," என்றார்.

"கத்துக்க வந்திருக்கேங்கய்யா," என்றார் அமலோற்பவம்.

"எங்கிட்டயா? எச்சி தொடாம டிக்கெட் கிழிக்கிறது எப்படின்னா?"

"அந்தப் பக்கத்துக்குள்ள நீங்க எப்படிப் போறீங்கன்னு."

மாசிலாமணி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை மறுபடி தொட அவருக்கு மனமில்லை என்று தெரிந்தது. அமலோற்பவம் கையால் தடவிப் பார்த்துக் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். வைத்தியலிங்கமும் உட்கார்ந்தார். இது ஒத்திகைப் பக்கம், இதில் இடம் ஒன்றும் போகாது என்று சொல்லி, போனை அத்தான் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து விரல் நகரும் சத்தம் கேட்டது.

"முகப்பு," என்றது குரல். மாசிலாமணி முழுதும் கேட்டார். "எங்களைப் பற்றி." கேட்டார். "அறங்காவலர்கள். நன்கொடை. புகைப்படத் தொகுப்பு." குரல் சாதாரண வேகத்தில், சொல் சொல்லாகப் பேசியது. பக்கத்தின் மேலே இருந்த இணைப்புகள் முப்பத்தொன்று. தலைப்புக்குத் தாவினால் ஒரே வருடலில் படிவத்துக்குப் போய்விடலாம். அதைச் சொல்ல வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். அமலோற்பவம் அவர் மணிக்கட்டைத் தொட்டார். வாயை மூடிக்கொண்டார்.

ஒவ்வொன்றையும் ஏன் முழுதாகக் கேட்கிறீர்கள் என்று அமலோற்பவம்தான் கேட்டார்.

"நம்ம ஸ்டாப்பு எதுன்னு தெரியாதப்ப எல்லா ஸ்டாப்புலயும் எட்டிப் பார்க்கணும்ல," என்றார் மாசிலாமணி. பேசுவதற்கு அவர் மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது.

படிவம் வந்தது. தட்டினார். வீங்கிய விரலின் இரண்டு தட்டை போன் ஒரு தட்டாக எடுத்துக்கொண்டது. மறுபடி தட்டினார். பெயர். நோயாளி எண், ஏழு இலக்கம். எண்ணை மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டார். அடுத்தது நாள். "திங்கள். தேர்வு செய்யப்படவில்லை," என்றது குரல்.

விரல் நகரவில்லை.

வைத்தியலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். மாசிலாமணி தூங்கிப்போயிருந்தார். போன் நெஞ்சின்மேல் இருந்தது. வைத்தியலிங்கம் எழுப்பலாமென்று முழங்காலை ஊன்றினார். மணிக்கட்டில் இருந்த கை அவரை விடவில்லை.

உட்கார்ந்தார்கள்.

அஞ்சுகம் டீ கொண்டுவந்தாள். கட்டிலைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் டம்ளர்களைக் கீழே வைத்தாள். அவளும் நிலைப்படியில் உட்கார்ந்தாள். விடியற்காலையில் எழுந்தவள், அவள் தலையும் சுவரில் சாய்ந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. நெடுஞ்சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அரியலூர் போவது, பெரம்பலூர் போவது, துறையூர் போவது. தூங்குகிறவரின் மூச்சில் மெல்லிய விசில் இருந்தது. அமலோற்பவம் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார். டீயில் ஆடை படர்ந்தது. வைத்தியலிங்கத்துக்கு இடுப்பு வலித்தது; பிறகு வலிப்பது மறந்துபோயிற்று. கடைசியில் ஜன்னல் வெளிச்சம் கட்டிலைவிட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது.

மாசிலாமணி விழித்தார். யாரையும் கேட்காமல் நெஞ்சின்மேல் போனைத் தேடி எடுத்தார்.

"எங்க விட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை வருடினார்.

"முகப்பு," என்றது குரல்.

அவர் மறுபடி வருடினார்.

"எங்களைப் பற்றி."

மாசிலாமணி போனைக் குப்புறப் படுக்கைமேல் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. மெதுவாகத்தான் வைத்தார்.

"துறையூர் கிட்ட வந்துட்டோம்னு நெனச்சேன். இன்னும் ஸ்டாண்டுலயே நிக்குது."

இனிமேல் நானே பதிந்துவிடுகிறேன், நீங்கள் ஏன் சிரமப்படவேண்டும் என்று அஞ்சுகம் நிலைப்படியிலிருந்து சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். மாசிலாமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறிய டீயைக் குடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. வைத்தியலிங்கம் பேசிக்கொண்டே வந்தார். அந்த முப்பத்தொரு இணைப்புகளையும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். எண்ணை ஒருமுறை போட்டால் போன் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்வதாகச் சொன்னார். பொத்தான்களைப் பெரிதாக்குவதாக, வீங்கிய விரலுக்கு ஒரே தட்டு போதும்படி வழி தேடுவதாகச் சொன்னார். அமலோற்பவம் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். மீதி இருந்தது கடிகாரம். அடியோடு எடுத்துவிட்டால் திறந்த பக்கம் திறந்தபடியே கிடக்கும், வேறு யாராவது கை வைத்தால் என்ன செய்வது என்ற பயமும் வைத்தியலிங்கத்துக்கு இருந்தது. முப்பது வருஷத்துப் பழக்கம்.

"எவ்வளவு நேரம் வைக்கட்டும் டீச்சர்? பத்து நிமிஷமா, இருபதா?"

அமலோற்பவம் கொஞ்சம் யோசித்தார்.

"அவர் தூங்கினப்ப நாம எவ்வளவு நேரம் சார் உக்காந்திருந்தோம்?"

வைத்தியலிங்கம் நினைத்துப் பார்த்தார்.

"நேரம் பார்க்கல டீச்சர்."

"அப்படிக் கட்டுங்க," என்றார் அமலோற்பவம்.

மாசிலாமணி அதற்கப்புறம் பதினான்கு மாதம் இருந்தார். சனிக்கிழமைகளில் தன் இடத்தை அவரேதான் உறுதி செய்தார். சில வாரம் அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.